பச்சை நூல் யார் வீட்டுது

கௌரியம்மாளுக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்காமல் தெருவைக் கடக்கத் தெரியாது. குழம்பு வாசனை வந்தால் என்ன குழம்பு என்பாள். பகலில் கதவு சாத்தியிருந்தால் ஏன் என்பாள். திருத்தணி யூனியன் ஆபீஸில் கிராம சேவிகா வேலை கிடைத்தபோது, "வம்பு பேசறதுக்கு கெவுருமென்ட்டே சம்பளம் குடுக்குது பாரு" என்று அவள் புருஷன் ஜம்புலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. மாதர் சங்கங்களுக்குப் போய், எந்தத் திட்டம் தங்களுக்கு வேண்டும் என்று பெண்களே முடிவு செய்ய உதவுவதுதான் அவள் வேலை. எட்டிப் பார்க்காதவளுக்கு அது எப்படி வரும்?

எழுபத்திரண்டாம் வருஷம் ஆந்திர எல்லையோரத்து நெசவாளர் தெரு ஒன்று அவள் பொறுப்பில் வந்தது. தையல் மிஷின், கோழி, பால்வாடி மூன்றில் ஒன்றுதான் அந்த வருஷம் கிடைக்கும்.

வழக்கம்போல வீடு வீடாக நுழைந்தாள். மணியம்மை என்பவள் தறி நாடாவுக்கு ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைக்குழந்தை, இடுப்பில் பழைய புடவைக் கிழிசல் கட்டி, தூணோடு பிணைக்கப்பட்டிருந்தது.

"இன்னாம்மா இது, கன்னுக்குட்டி மாதிரி?"

"வேற இன்னா பண்றது சேவிகாம்மா? போன மாசம் முடிச்சு அவுந்து தறிக்குழியில வுழுந்துட்டான். இதோ பாருங்க." குழந்தையின் நெற்றியில் தழும்பு. "புள்ளைங்கள வுட ஒரு எடம் இருந்தா போதும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஏன் சொல்லக்கூடாது என்பது தெரு முனை வீட்டுக்குப் போனதும் புரிந்தது. சங்கத் தலைவி கன்னியம்மாளின் புருஷன் சடகோபன்தான் தெருவுக்கே நூல் கொடுத்து நெய்ய வைக்கிறவர். அவர் வீட்டுக்கு மிஷின்தான் பிடித்திருந்தது. மிஷின் வந்தால் வைக்க இடமும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. கன்னியம்மாளோடு பேசிக்கொண்டிருக்கையில் அவர்களுடைய மூத்த பையன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனான். கௌரியம்மாளின் வாய் சும்மா இருக்குமா?

"பையனுக்கு கால்ல இன்னாங்க?"

"பொறவியிலயே அப்பிடி" என்று கன்னியம்மாள் வெடுக்கென்று சொல்லி எழுந்துவிட்டாள்.

எல்லோர் முன்னாலும் கை தூக்கச் சொன்னால் இந்தத் தெருவில் யார் கையும் மனசுப்படி உயராது என்று கௌரியம்மாள் ஒரு வழி செய்தாள். பஜனைக் கூடத்து உள்ளறையில் மூன்று பானை. ஒன்றின்மேல் மிஷினுக்கு ஊசி, ஒன்றின்மேல் கோழிக்கு முட்டை, ஒன்றின்மேல் பால்வாடிக்குக் கிலுகிலுப்பை வரைந்து வைத்தாள். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒரு துண்டு நூல் கொண்டு வந்து, தனியாக உள்ளே போய், பிடித்த பானையில் போட வேண்டும். தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

பார்த்தால் நூல் முழுக்க ஊசிப் பானையில்.

மணியம்மை எங்கே போட்டாள்? தெருவெல்லாம் பால்வாடி, பால்வாடி என்று கேட்ட பேச்சு எங்கே போயிற்று? மாலைக்குள் ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும். நூல்களை மடியில் கொட்டிக் கிளறியபோது ஒரு பச்சை நூல் கண்ணைப் பறித்தது.

"எவ்ளோ நல்ல பச்சை!" என்றாள்.

"மணியம்மை வூட்டு நூலு. இப்ப அவங்க தறியில பச்சை கைலிதான் ஓடிக்கினு கீது" என்றாள் முன்வரிசைக்காரி, நூலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். "அந்த ஊதா என்து" என்றாள் இன்னொருத்தி.

கௌரியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நூல் கொடுப்பவரின் பெண்டாட்டிக்கு எந்த நிறம் யார் வீடு என்று தெரியாதா? இதற்குப் பெயரெழுதிப் போடச் சொல்லியிருக்கலாம்.

"ஐயய்யோ, மறந்தே பூட்டேன். ஆபீஸ்ல நூலு செல்லாதாம், புளியங்கொட்டைதானாம்" என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். ஒரே முறத்தில் கொட்டி வைத்து ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னாள். கன்னியம்மாள்தான் முதலில் போனாள். மணியம்மை கடைசியாகப் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

பானைகளை எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். முட்டைப் பானையில் கொஞ்சம் விழுந்தது. கிலுகிலுப்பைப் பானையிலிருந்து மிச்சமெல்லாம் கடகடவென்று கொட்டியது. ஊசிப் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். காலி.

ஒரு கொட்டைகூட இல்லை என்றால் தலைவியுடையது? மொத்தக் கூடமும் கன்னியம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு அப்பிடி பாக்கறீங்க?" என்றாள் அவள். "வூட்டுக்காரரு மிஷினுன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். கொட்டை போடறப்ப அவரு கூட வர்லியே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, கூடமே சிரித்தது. கன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மணியம்மையின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி, நெற்றித் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு கௌரியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு கேட்டியேம்மா, எம் பையன் காலு. பொறவியில இல்ல. அவனுக்கு நான் கட்டின முடிச்சும் அவுந்து பூட்ச்சு."

கௌரியம்மாள் ஆபீஸ் தாளை எடுத்து, பால்வாடி என்று எழுதினாள்.