பெரியவள் சொன்ன அளவு

ஓரகத்தி விதவையானதைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? கண்ணாடிக் கடைக்காரர் மனைவி பட்டாள். அவளுக்கே அது கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் கேவலம் என்று தெரிந்ததும் அணைந்துவிடுகிற எரிச்சலா அது?

கீழே கடை, மேலே வீடு. அண்ணன் அளக்க, தம்பி கண்ணாடி வெட்டினார். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பெரியவளுக்குச் சமையல்கட்டு, அது முடிந்தால் சாயங்காலம் கீழே இறங்கி, கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைக்கிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "நானும் ஒண்ணு வெட்டிப் பார்க்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நீ கையை அறுத்துக்கிட்டு உக்காந்தா எனக்கு யாரு சோறு போடுறது?" என்றார் கணவர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. துடைத்துத் துடைத்தே தலை நரைத்தது.

நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை. பெரியவள் மனசாரத்தான் அழுதாள். தங்கமான மனிதர், அண்ணியை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. சின்னவள் சுவரைப் பார்த்தபடி பித்துப் பிடித்தவளாகக் கிடந்தாள். பெரியவள்தான் அவளுக்கு ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை சின்னவள் எழுந்தாள். புருஷனின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கினாள். கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலைகள் அங்கே முடங்கிக் கிடந்தன. கண்ணாடியை மேஜையில் படுக்கவைத்து, வைரமுனையால் ஒரே இழுப்பு. பிறகு மெல்ல ஒரு தட்டு. பிசிறில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

மூத்தவர் வாயைப் பிளந்தார். "இதை எங்க கத்துக்கிட்ட?"

"அவருதான் மாமா சொல்லிக் குடுத்தாரு. மத்தியானம் நீங்க மேல தூங்கப் போனப்புறம்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அந்த மத்தியானங்களில் எல்லாம் அவள் மேலே உட்கார்ந்து, தூங்குகிறவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பற்றிக்கொண்டது. சின்னவள் பசித்தபோது சாப்பிட்டாள். கட்டில் முழுக்கக் கையைக் காலை நீட்டிப் படுத்தாள். கடைச் சாவி அவள் இடுப்பில் ஏறியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடைத்தெருவுக்குப் போய், சிவப்பு நிறத்தில் ஒரு செருப்பு வாங்கி வந்தாள். மூத்தவர் சாப்பிடும்போதுகூட அவளோடு தொழில் பேசினார். பெரியவளிடம் 'உப்பு கம்மி' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத மனுஷன்!

அவளுக்கு ஆறாதது எதுவென்றால், சின்னவள் வாழ்ந்தபோதும் நன்றாகத்தான் வாழ்ந்தாள். முதலில் நல்ல புருஷன், இப்போது நல்ல சுதந்திரம், ரெண்டும் ஒருத்திக்கே. "எனக்கு மட்டும் அதுவும் இல்ல, இதுவும் இல்ல" என்று பெரியவள் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் முடிவெட்டும் கடைக்காரர் பழைய மரச்சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் சட்டத்தை அளந்து, உள்ளதை உள்ளபடி உரக்கச் சொல்வார். மரம் உப்பினால் கண்ணாடி நெரிபடக் கூடாதென்று, தம்பி அதில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கழித்து வெட்டுவார். கழிப்பது தம்பி பொறுப்பு. அதை இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

அன்று மூத்தவர் அளந்தபோது பெரியவள் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். நாடாவில் இருந்த அளவு ஒன்று, அவர் வாயில் வந்தது அதைவிட இரண்டு நூல் குறைவு. பொம்பளைக்குக் கழிக்கத் தெரியாது என்று இவரே கழித்துவிட்டார்! சின்னவளோ புருஷன் சொல்லிக் கொடுத்தபடி இன்னும் இரண்டு நூல் கழிப்பாள். இத்தனை வருஷம் அளவைக் கேட்டு, வெட்டுவதைப் பார்த்து நின்றவளுக்கு அது புரியாமலா போகும்? பெரியவள் வாயைத் திறக்கவில்லை. வெட்டட்டும், நன்றாக வெட்டட்டும்.

சட்டத்தில் வைத்ததும் கண்ணாடி ஒரு பக்கமாக நழுவி லொடலொடத்தது.

"என்னங்க இது, எங்க தாத்தா பல்லு மாதிரி ஆடுது?" என்றார் முடிவெட்டுகிறவர்.

மூத்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொம்பளைகிட்ட வேலையைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! சாவியை வை. நாளையிலேர்ந்து அக்காகூட அடுப்பைப் பாரு."

சின்னவள் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள்.

பெரியவள் காத்திருந்தது இதற்குத்தான். வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. நாளை முதல் அடுப்படியில் ஒருத்திக்கு ரெண்டு பேர், அவ்வளவுதானே? இந்த வீட்டில் பொறாமைப்படக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"அளவு தப்பு" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"நாடாவுல இருந்தது வேற, நீங்க சொன்னது வேற. ரெண்டு நூலை நீங்க கழிச்சீங்க, ரெண்டு நூலை அவ கழிச்சா. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"பார்த்தவ அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"வயித்தெரிச்சல். இவ மேல." சொல்லிவிட்டுச் சின்னவளை ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஈரத்துணியைக் கணவர் கையில் திணித்துவிட்டு, அவருடைய அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள். "சாவி அவகிட்டயே இருக்கட்டும். இனிமே அளவு நான் சொல்றேன்."

மூத்தவர் கையிலிருந்த துணியையும் வாடிக்கைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவெட்டுகிறவர் சிரிக்க வாயெடுத்து, இருமி மறைத்துக்கொண்டார்.

புதுக் கண்ணாடி மேஜைக்கு வந்தது. பெரியவள் சட்டத்தை அளந்தாள். தன் குரல் கடைக்குள் இவ்வளவு உரக்கக் கேட்கும் என்று அவளுக்கே தெரியாது. சின்னவள் "ம்" என்றாள். தம்பி அப்படித்தான் அண்ணனுக்கு "ம்" சொல்வார். அது நினைவுக்கு வந்ததும் தாங்கவில்லை சின்னவளுக்கு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கக் கதறினாள்.

பெரியவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பக்கம் ஈரத்துணியோடு நின்ற தன் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். இவர் போனால் எனக்கு இப்படி அழுகை வருமா? நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். வராது. அதற்கும் சேர்த்துச் சின்னவள்மேல் பொறாமை வந்தது.

"அழுடி" என்றாள். "உனக்காவது வருது."