நாலு கால் சக்களத்தி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாய் பழக்குகிறவராக இருந்தார். பர்மாவுக்குப் புறப்படும் முன் அவருடைய படை மாரண்டஹள்ளிக்கு மேற்கே காட்டோரம் முகாம் போட்டுப் பயிற்சி செய்தது. முகாமைக் கலைத்தபோது அவருக்கு எட்டு நாள் லீவு கொடுத்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த எட்டு நாள். வாசலில் லாரிச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடினேன். அவருக்கு முன்னால் ஒரு பெட்டை நாய் குதித்து இறங்கியது.

வேறு யார் கையால் வைத்தாலும் அது தின்னாதாம். வேறு யாரும் தொடக் கூடாதாம். மண்ணுக்குள் புதைத்த வெடியை மோந்து கண்டுபிடித்து அப்படியே உட்கார்ந்துவிடுமாம். இருக்கட்டும், எனக்கென்ன! ஆனால் அவர் அதைக் கூப்பிட்டாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வா புள்ள."

நானும் திரும்பினேன், நாயும் திரும்பியது.

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கூச்சம். தாலி கட்டின மறுநாளிலிருந்து நான் 'புள்ள'தான். எனக்கென்று அவர் கொடுத்தது அந்த ஒரு சொல். அதைத் தூக்கி ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டாரே என்று வயிறு பற்றி எரிந்தது. களி போடும்போது கேட்டே விட்டேன்.

"அதுக்கு வேற பேரே கெடைக்கலீங்களா?"

அவர் அசடு வழியச் சிரித்தார். "அங்க எந்நேரமும் உன் நெனப்புதான். வாயில அதான் வந்துச்சு. அதுவும் பழகிக்கிச்சு."

"இப்ப மாத்துங்க."

"மாத்துனா அது தடுமாறும். ஒரு அடி தப்புனா நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்."

நாங்க ரெண்டு பேருமாம்! மாமியார் வேறு, "ஏண்டி, நாலு கால் சக்களத்திகிட்டப் போயி மல்லுக்கு நிக்கறியே" என்று சிரித்தார். நானோ லீவு முடிவதற்குள் அந்தச் சொல்லைப் பிடுங்கியே தீருவதென்று இருந்தேன். "புள்ள" என்று அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்தினேன். மறுபடி கூப்பிட்டால், "யாரைங்க?" என்று கேட்பேன். பாவம், முழிப்பார்.

ஆறாம் நாள் காலை கொல்லையில் களை எடுக்கக் கிளம்பினோம். கூழ்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் விடுவிடுவென்று முன்னால் போனேன். அவரும் நாயும் பின்னால் வந்தார்கள். பட்டாளம் பழகிய இடத்தை ஒட்டித்தான் அந்த வண்டிப்பாதை போகிறது. புதைத்ததை எல்லாம் தோண்டி எடுத்தாயிற்று என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"புள்ள, நில்லு!"

நாயைத்தான் சொல்கிறார் என்று நடந்தேன்.

"புள்ள! நில்லு புள்ள!"

கொஞ்சுகிற கொஞ்சலைப் பார் என்று இன்னும் எட்டிப் போட்டேன். அடுத்த நொடி என் பேர் காதில் விழுந்தது. அவர் குரல்தான், அடித்தொண்டையிலிருந்து கிழிந்துகொண்டு வந்தது. அவர் வாயால் என் பேரை அதுவரை நான் கேட்டதில்லை. கால் தானாக நின்றது. சட்டி முதுகுப் பக்கம் விழுந்து உடைந்தது.

திரும்பினால், நாய் பாதை நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வந்த அடியிலயே கால வெச்சுத் திரும்பி வா" என்றார். வந்தேன். அவர் போய்க் குப்புறப் படுத்து, நான் நின்ற இடத்துக்கு ரெண்டு முழம் முன்னால் மண்ணை வாயால் ஊதினார். வெடியின் துருப்பிடித்த தகரத் தட்டு தெரிந்தது.

எழுந்து வந்தவர் முதலில் நாயின் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் என் கையைப் பிடித்தார். உயிர் பிழைத்த நிமிஷத்திலும் நான் அதைக் கவனித்தேன். என்ன மனசோ!

வீடு வந்ததும் அவராகவே சொன்னார்: "இனி உன்னத் தவிர ஆரையும் அப்பிடிக் கூப்பிட மாட்டேன். கப்பலேறுறதுக்குள்ள அதுக்கு வேற சொல்லு பழக்கிடறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே பர்மாவில் அவர் புதுச் சொல்லைக் கத்த, தன்னை இல்லை என்று நாய் நடந்துகொண்டே இருப்பது என் கண்ணில் தெரிந்தது, நான் நடந்தேனே அப்படி.

"வேணாங்க. அது அதுக்கே இருக்கட்டும். என்னப் பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றேன்.

எட்டாம் நாள் லாரி வந்தது. என் பேரைச் சொல்லி, "வரேன்" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ஏறு புள்ள" என்றார். நான் நிலைக்கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஏறியது.