என் சட்டியும் மைனஸ் பதினெட்டும்

எங்கள் வீட்டுப் பல்கனியில் நான் கால் வைக்க இடம் கிடையாது. நொர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்துப் புருசெத்தில் மற்ற ஆட்களின் பல்கனிகளில் கதிரை இருக்கும், கிரில் அடுப்பு இருக்கும், பிள்ளைகள் பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைகள் சாய்ந்து நிற்கும். எங்கள் பல்கனியில் காடு நிற்கிறது. முழங்கால் உயரத்துக்குக்கூட வராத காடு. எல்லாம் என் மனிசனின் போன்சாய் மரங்கள்.

வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே மனிசன் பல்கனிக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "என்னப்பா, எல்லாரும் சுகமோ?" என்று அடுப்படியில் நின்று கேட்பேன். "ஓம், சுகம்" என்பார், நான் பகிடி பண்ணுகிறேன் என்பது விளங்காமலே. என்னை ஒருநாளும் இப்படி விசாரித்தது இல்லை.

மரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டிகளுக்கு நடக்கும் மரியாதைதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஜப்பானில் இருந்து வந்த சட்டிகளாம். அவற்றைத் துடைக்கத் தனித் துணி. அந்தத் துணியால் நான் ஒருமுறை மேசையைத் துடைத்துவிட்டேன் என்று ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

"உதுகளும் மனிசர் செய்த சட்டிதானே? வானத்தாலை விழுந்ததோ?" என்று கேட்டேன்.

"செய்து பாரும்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. அடுத்த கிழமையே போய் ஒரு பின்னேரக் களிமண் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் கோப்பிக் கோப்பை செய்தார்கள். நான் மட்டும் போன்சாய்ச் சட்டி. முதலாவது கையிலேயே குந்திவிட்டது. இரண்டாவது சூளைக்குள் கோணிப்போனது. எத்தனையாவதோ ஒன்று உருப்படியாக வெளியே வந்தபோது வகுப்பில் கைதட்டினார்கள். கறிச்சட்டி நிறம். ஒரு பக்க விளிம்பு கொஞ்சம் தாழ்வு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வடிவு. கடலோரத்துப் பெட்டை நான், அதனால் அடியில் ஆணியால் ஒரு சின்ன மீன் கீறி விட்டிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனிசனின் கையில் கொடுத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் தட்டிக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு கவிழ்த்துப் பிடித்து, கடவுளே, அடியை நாக்கால் ஒரு நக்கு நக்கினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"நாக்கு ஒட்டுது" என்றார், பெரிய டொக்டர் மாதிரி. "தண்ணி குடிக்கிற மண். மாரிக் குளிருக்கு வெளியிலை வைச்சால் குடிச்ச தண்ணி உறைஞ்சு வெடிச்சுப் போகும். இதை உள்ளை வைப்பம்."

"உங்கடை ஜப்பான்காரர் எல்லாரும் வெளியிலைதானே நிக்கினம்?"

"அது வேறை. அது போன்சாய்ச் சட்டி."

"அப்ப இது?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிசன். "இது... சட்டி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான், ஆனால் கோபம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். எத்தனை பின்னேரம் மண்ணைப் பிசைந்திருப்பேன்! அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். என் சட்டி மற்றச் சட்டிகளோடு மாரி முழுக்கப் பல்கனியில் நிற்கும். பனி உருகும்போது முழுசாக நிற்கும். அப்போது இந்த மனிசன் தன் வாயாலேயே அதைப் போன்சாய்ச் சட்டி என்று சொல்ல வேண்டும்.

"வேண்டாமப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கிப்போய், பிளாஸ்டிக் சட்டியில் நின்ற ஒரு சின்னப் பைன் மரத்தை வேரைக் குழப்பாமல் அப்படியே தூக்கி என் சட்டிக்குள் இறக்கினார். குளிர் இறங்க முதல் எல்லாச் சட்டிகளையும் சுவரோரமாக நெருக்கி வைத்து, சுற்றிவர மரப்பட்டைத் தூள் கொட்டி அணைத்தார். என் சட்டிக்கு மட்டும் ஒரு கை கூடப் போட்டார். கண்டும் காணாதமாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பிரசங்கம்தான். "மாரியிலை மரத்துக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்தப்படாது. விளங்குதோ? ஒரு சொட்டும் படாது. சட்டியை வெடிக்க வைக்கிறது குளிர் இல்லை, தண்ணி."

"ஸ்லாப் ஆவ், அப்பா! கொஞ்சம் மூச்சு விடுங்கோ" என்றாள் மகள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், தாதிமார் படிப்புப் படிக்கிறாள். "நாங்கள் ஏன் உங்கடை மரத்துக்குத் தண்ணி ஊத்தப் போறம்?"

நத்தார் வந்தது. ஒவ்வொரு வருசமும் எங்கள் வரவேற்பறையில் பாலன் குடில் கட்டுவோம். மாடு, ஆடு, இடையர் எல்லாம் உண்டு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பனை நிற்கும். இந்த முறை அந்தப் பனை வேண்டாம், என் சட்டியில் நிற்கிற பைன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வருகிற சனம் பார்க்க வேண்டாமோ?

"சூட்டுக்குள்ளை கனநாள் வைச்சால் மரம் வசந்தம் வந்திட்டுது எண்டு நினைச்சிடும்" என்றார் மனிசன். கடைசியில், சுவாமியார் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போகும் மட்டும் உள்ளே நிற்கலாம், போனதும் திரும்பப் பல்கனிக்கு, என்று சம்மதித்தார்.

வந்த சனம் பாலனைப் பார்த்ததோ இல்லையோ, என் சட்டியைப் பார்த்தது. "ஆர் செய்தது? நீங்களோ? உண்மையாவோ?" எனக்குத் தலைகால் தெரியவில்லை. சுவாமியாரும் வந்தார். கிண்ணத்தில் தண்ணீரை மந்திரித்து, ஒரு கிளையைத் தோய்த்து அறை அறையாகத் தெளித்தார். குடிலுக்குத் தெளித்தபோது என் சட்டியிலும் நாலு துளி விழுந்தது. இனி இதை எந்தக் குளிர் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்தவர்களுக்கு ரோல்ஸும் கேக்கும் கட்டிக் கொடுப்பதில் நின்றுவிட்டேன். மனிசன்தான் குடிலடியை ஒதுக்கி, மரத்தைப் பல்கனிக்குக் கொண்டுபோனார்.

பிறகு பிடித்தது குளிர். மைனஸ் பன்னிரண்டு, பதினைந்து, ஒருநாள் பதினெட்டு. கண் இமை ஒட்டுகிற குளிர். நான் காலையில் எழும்பி முதல் வேலையாகப் பல்கனிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். பைன் நிற்கும். சட்டியும் நிற்கும்.

"என்னப்பா, வெடிச்சிட்டுதோ?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பேன்.

"இன்னும் இல்லை" என்பார், கோப்பிக்குள் பார்த்துக்கொண்டு.

ஒவ்வொரு காலையும் இதே கேள்வி, இதே மறுமொழி. போகப்போக மனிசனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. தோற்றுவிட்டார், ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். வகுப்புக்குப் போய் அங்கேயும் அளந்தேன். என் சட்டி பதினெட்டைத் தாங்கிவிட்டது என்று சொல்ல, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கூரையால் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வெயில் பல்கனிக்குள் வந்திருந்தது. கோப்பியும் கையுமாக வெளியே போய், மரப்பட்டைத் தூளைத் தள்ளிவிட்டு என் சட்டியைத் தூக்கினேன். சட்டி மூன்று துண்டாகக் கையோடு வந்தது. நடுவில் நின்ற மண் கட்டியில் ஐஸ் மினுங்கியது. எப்போதோ வெடித்திருக்கிறது. இவ்வளவு காலமும் அந்த ஐஸ்தான் சட்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. நானும் கண்ணாடிக்குள்ளால் பார்த்து எழும்பித் துள்ளியிருக்கிறேன்.

அந்த ஈரத்தில் அப்படியே குந்திவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சட்டிக்கு இப்படி அழுவேன் என்று யாரும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மனிசன் கதவடியில் வந்து நின்றார். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லட்டும், இந்தத் துண்டாலேயே எறிவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. களவு எடுத்தவர் மாதிரி நின்றார்.

"அது உம்மடை பிழை இல்லையப்பா" என்றார். "அது... தீர்த்தம்."

"என்ன தீர்த்தம்?"

"சுவாமியார் தெளிச்ச மிச்சம். கிண்ணத்திலை பாதிக்கு மேலை கிடந்தது. மந்திரிச்ச தண்ணியைக் கோப்பை கழுவுற தொட்டிக்குள்ளை ஊத்தலாமோ? மண்ணிலைதானே ஊத்த வேணும். வெளியிலை எல்லாம் ஐஸ், அதுக்கு மேலை நாயள் போய் வருகுது. வீட்டுக்குள்ளை இருந்த மண் உம்மடை சட்டி மட்டும்தான்."

"முழுக்க ஊத்தினனீங்களோ?"

"முழுக்க."

"ஐயோ! மாரியிலை ஒரு சொட்டும் ஊத்தப்படாதெண்டு எங்களுக்குப் பிரசங்கம் வைச்ச ஆள் நீங்கள்!"

"தண்ணி எண்டால் நான் ஊத்துவனோ? அது தீர்த்தம்!"

"குடிச்சிருக்கலாமே, மனிசா!"

"ஒரு மிடறு குடிச்சனான்" என்றார் பாவமாக. "கிண்ணம் பெரிசு."

உள்ளே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உருண்டாள். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. அழுத கண்ணோடேயே சிரித்தேன். ஊற்றியது அன்றைக்கே அவருக்கு நெஞ்சுக்குள் குத்தியிருக்கிறது. நான் காலைக்குக் காலை வெடிச்சிட்டுதோ, வெடிச்சிட்டுதோ என்று கேட்கக் கேட்க, மனிசனுக்குக் கோப்பி இறங்காமல் கிடந்திருக்கிறது. அதைத்தான் நான் தோல்வி என்று எண்ணியிருந்தேன்.

துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைப் பைக்குள் போடப் போனேன். "போடாதேயும்!" என்று கையைப் பிடித்தார். "தீர்த்தம் ஊறின சட்டி. அதைக் குப்பைக்குள்ளை போடலாமோ?"

"அப்ப என்ன செய்யிறது? கோயில் கட்டிக் கும்பிடுறதோ?"

அடுத்த நாள் பூசையால் வந்தவர் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்தார். பசை கொண்டுவந்தார். மரக் கிளைகளை வளைக்கச் சுற்றுகிற செப்புக் கம்பியும் குறடும் கொண்டுவந்தார். துண்டுகளைப் பொருத்தி, விளிம்புக்குக் கீழே ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று என்று கம்பியால் இறுக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசையும் இல்லை, ஆளும் இல்லை. பின்னேரம் பைனைத் திரும்ப அதற்குள் இறக்கினார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

மே மாதம் போன்சாய்க்காரர்களின் கண்காட்சி. ஒஸ்லோவில் ஒரு மண்டபத்தில் ஆளுக்கு ஒரு மரம் கொண்டுவந்து வைப்பார்கள். மனிசன் எப்போதும் கொண்டுபோவது நீல ஜப்பான் சட்டியில் நிற்கும் கிழட்டு யூனிப்பர் மரத்தை. இந்த முறையும் பெட்டியோடு டி-பான ரயிலில் ஏறினோம். மண்டபத்தில் மேசைக்கு முன்னால் நின்று பெட்டியைத் திறந்தார். வெளியே வந்தது என் சட்டி. கோணல் விளிம்பு, ஒட்டின வடு, செப்புக் கம்பி, எல்லாத்தோடும்.

"உங்களுக்கு விசரோ? மானம் போகுது, உள்ளை வையுங்கோ!" என்று காதுக்குள் சீறினேன். சுற்றிவர எல்லா மேசையிலும் மினுங்குகிற சட்டிகள்.

"பேசாமல் நில்லும்" என்றார்.

தாடி வைத்த ஒரு நொர்வேக் கிழவர் வந்தார். சங்கத்தில் பெரிய ஆள் போலிருந்தது, மற்ற ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். குனிந்து பார்த்தார். கம்பியை விரலால் தடவினார். கேட்டுவிட்டுச் சட்டியை மெல்லச் சரித்து அடியைப் பார்த்தார். என் மீன் தெரிந்தது. இந்த மீன்காரக் குயவர் யார், எனக்குத் தெரியாதே, என்று கேட்டார்.

என் மனிசன் நொர்வேஜியன் கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கேட்டது. "இந்தப் போன்சாய்ச் சட்டியைச் செய்தது என்ரை மனிசி."

மாரி முழுக்க நான் காத்துக்கொண்டிருந்த சொல். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பைனைப் பார்த்தேன். நுனியெல்லாம் புதுக் குருத்து விட்டிருந்தது.

தன் மரத்துக்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கிழவர் என்னிடம் கேட்டார்.

"ஓம், செய்யலாம்" என்றேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். "ஆனால் மாரிக்கு வெளியிலை வைக்காதேங்கோ. உள்ளை வையுங்கோ. இது நாக்கு ஒட்டுற மண், தண்ணி குடிக்கும். வெடிச்சுப் போகும்."

பின்னால் மனிசன் இருமத் தொடங்கினார். இருமல் இல்லை, சிரிப்பு. பிறகு எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார்: "தீர்த்தம் எண்டாலும் ஊத்தப்படாதெண்டு சொல்லும்."

கிழவருக்கு முன்னால் சிரித்த முகத்தோடேயே, மனிசனின் முழங்கையில் நல்ல ஒரு கிள்ளு விட்டேன்.