கேட்டில்கேட் பாய்ஸின் ஷ்யாமளா

கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் பழைய ஆட்களிடம் கேட்டில்கேட் பாய்ஸ் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். 1968இல் ஒரு மாட்டுப்பண்ணையில் ஐந்து நண்பர்கள் தொடங்கிய ப்ளூகிராஸ் குழு அது. பாஞ்சோ, மாண்டலின், கிதார், பாஸ், வயலின் என்று தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிற அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதம். ஊர்க் கல்யாணம், கோடைச் சந்தை, தீயணைப்பு நிலையத்து பான்கேக் விருந்து, எதையும் அவர்கள் விட்டதில்லை. அந்தப் 'பாய்ஸ்' நடுவே எட்டு வருஷம் வயலின் வாசித்தவர் நம் கோயம்புத்தூர் ஷ்யாமளா. உனக்காகப் பெயரை மாற்றிவிடலாமா என்று அவர்கள் கேட்டபோது, "வேண்டாம், டி-ஷர்ட் எல்லாம் வேஸ்ட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டார்.

1993 நவராத்திரி சமயம். லிவர்மோரிலுள்ள இந்துக் கோயிலில் கைப்பிடிக் கம்பிக்கு வெல்டிங் செய்ய வந்த டேல், உள்ளே ஒரு பாட்டுக் கச்சேரிக்கு ஷ்யாமளா வயலின் வாசிப்பதைக் கேட்டு, வேலையை மறந்து நின்றுவிட்டார். டேல்தான் பாய்ஸின் தலைவர், பாடகர். அவர்களுடைய வயலின்காரர் அப்போதுதான் டெக்சாஸுக்குக் குடிபோயிருந்தார். கச்சேரி முடிந்ததும் டேல் நேரே வந்து, வியாழக்கிழமைதோறும் ஒத்திகைக்கு எங்கள் ஷெட்டுக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர் வாஞ்சிநாதன் சிரித்தார். "சான்டா கிளாரால ஆபீஸ் முடிச்சு, ஃப்ரீவே டிராஃபிக்ல டிரைவ் பண்ணி வந்து, அப்புறம் ஷெட்டுல போய் வாசிக்கப் போறியா?"

"ஆமா. வியாழக்கிழமை மட்டும் நீங்க மானஸாவ டேகேர்ல பிக்கப் பண்ணிக்கோங்க."

விவாதம் அதோடு முடிந்தது.

பாய்ஸுக்கு ஒரு கறாரான வழக்கம் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக். அதைச் சுற்றி நிற்பார்கள். முறை வந்தவர் முன்னால் வந்து வாசித்துவிட்டுப் பின்னால் போவார். மைக்கை யாரும் தொடக்கூடாது, ஆள்தான் நகர வேண்டும். ஷ்யாமளாவுக்கோ தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினால்தான் கை ஓடும். நின்றால் ஒரு ஸ்வரம் உருப்படியாக வராது. டேல் சளைக்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப்பலகை அடித்து, மேலே கம்பளம் விரித்தார். நான்கு தடியர்களுக்கு நடுவே ஷ்யாமளா உற்சவர் மாதிரி எழுந்தருளினார். அவர் முறை வந்தால் மற்றவர்கள் மைக்கை விட்டு ஒதுங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

இன்னொரு சிக்கலுக்குத் தச்சு வேலை உதவவில்லை. சின்ன வயதிலிருந்து பக்கவாத்தியம் வாசித்த கை அது. பாடுகிறவர் போகிற இடமெல்லாம் கூடவே போகும், அவர் நின்றால் தானும் நின்று மரியாதை காட்டும். ப்ளூகிராஸில் பாடும்போது வயலின் அடங்கிக் கிடக்க வேண்டும், பாட்டு நின்றதும் பாய்ந்து வந்து தனியே முழங்க வேண்டும். 1994 கோடைச் சந்தையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, டேல் சரணத்தை முடித்தார். நான்கு பேரும் மைக்கை விட்டு ஒதுங்கினார்கள். ஷ்யாமளாவும் பவ்யமாக நிறுத்திவிட்டார். பாஸ் மட்டும் டும் டும் என்று அனாதையாகக் கேட்டது.

மாண்டலின் வாசிக்கும் ராய்க்கு மூக்குக்கு மேல் கோபம். "கை நல்ல கைதான். ஆனா நமக்கு ஒத்துவராது. அடுத்த வருஷமும் இப்படின்னா வேற ஆள் பார்க்கணும்" என்று டேலிடம் சொன்னது ஷ்யாமளா காதிலும் விழுந்தது. காரில் ஏறியதும் அழுதுவிட்டார். அந்த ஷெட்டை இழக்க அவருக்குத் துளியும் மனமில்லை.

அதன்பின் ஒரு வருஷம், ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் மலைமேல் ஃப்ரீவேயில் ஊர்ந்த கார்தான் அவருக்குப் பாடசாலை. டேல் பாடிய கேசட்டைப் போடுவார். குரல் கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார். குரல் நின்றதும் தொண்டை கிழிய ஸ்வரம் பாடுவார். மற்ற நாட்களில் ஆபீஸ் பக்கத்து டேகேரிலிருந்து கூட வரும் மகள் மானஸா, பின் சீட்டிலிருந்து "நௌ, அம்மா! கோ!" என்று கத்துவாள். பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

அடுத்த சந்தையில் ஷ்யாமளா பாய்ந்த பாய்ச்சலில் கூட்டம் எழுந்து நின்றது. ராய் "ம்" என்றார். வேறு ஆள் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனாலும் ஷ்யாமளா தன் கையை நம்பவில்லை. டேல் பாடும்போதெல்லாம் வில் பிடித்த கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார். என்ன வைராக்கியம்!

2001 கோடை. டேலுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பாடியே தீருவேன் என்று சந்தை மேடைக்கு வந்துவிட்டார். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றார், காற்றுதான் வந்தது. பாடகரின் இடத்தில் வேறொருவர் புகுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. மற்ற மூவரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார்கள்.

ஷ்யாமளாவின் வில் மடியிலிருந்து எழுந்தது. குரல் விட்ட இடத்திலிருந்து மெட்டை மெல்ல எடுத்துக்கொண்டது. டேலுக்கு ஒரு சொல் கிடைத்தால் வயலின் தணிந்தது, அது தேய்ந்தால் கூட வந்து தாங்கியது. டேல் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தள்ளாடி வந்து, முப்பத்து மூன்று வருஷம் நின்றே பாடிய மனிதர், மரப்பலகையின் ஓரத்தில் ஷ்யாமளா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மைக் எட்டவில்லை.

ராய் மாண்டலினை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் தூக்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தார்.

"கூடவே போ, ஷ்யாம்," என்றார். "நிறுத்திடாதே."