வாசல் தெளித்து வாங்கிய நல்ல பெயர்

என் மாமியாருக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான். "எங்கூட்டு மருமக கோழி கூப்புடறதுக்கு முன்னாடியே வாசல் தெளிச்சுப்போடுமுங்க" என்று வெள்ளகோவில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தூங்கினால்தானே எழுவதற்கு? இரவெல்லாம் விழித்துக் கிடப்பேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வரும். அதற்குப் பயந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். அந்த ஓட்டத்துக்குத்தான் ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோறு இறங்காமல் நான் இளைத்துப்போன பிறகு கணவர் கோயமுத்தூருக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாமியாரும் கூடவே வந்தார்.

"தூக்கம் எப்படிம்மா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் தூங்கவே மாட்டாளுங்க. அத்தனை சுறுசுறுப்புங்க."

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?"

"தோணுதுங்க" என்றேன். மாமியார் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனச்சோர்வு இருக்கும்போது தூக்கம் கெட்டால் அந்த நினைப்பு வலுக்கும், அதனால் தூக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, டாக்டர் மாத்திரை எழுதினார்.

சில வாரங்களில் விடிந்தும் தூங்க ஆரம்பித்தேன். அந்த நினைப்பும் எட்ட நின்றது. வீட்டில்தான் புகைச்சல். காங்கேயத்திலிருந்து வந்த நாத்தனார், "மகாராணி எந்திரிச்சாச்சுங்களா?" என்றார். எங்கள் பக்கம் குத்துவதைக்கூட மரியாதையோடுதான் குத்துவார்கள்.

மாமியார் அதையும் தாண்டினார். இருட்டோடு என் அறைக்குள் வந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் போவார். வேர்த்து நனைந்து எழுந்தால், "வாசல் காஞ்சு கெடக்குது கண்ணு, நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க" என்பார்.

பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் அவர் சுவிட்சில் கை வைக்கும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை, டாக்டர்கிட்ட நான் சொன்னது உங்க காதுலயும் உழுந்துச்சுங்கல்ல? தூங்குனாத்தான் நான் உசுரோட இருப்பேனுங்க. கையை எடுங்க."

எடுத்தார். அவர் வெளியே போனதும் கதவைத் தாழ் போட்டுப் படுத்தேன்.

வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தேன். வாசலில் அவரே கோலம் போட்டிருந்தார். ஒரே கோணல். அதனால் யாரும் சாகவில்லை.