லெமுவல் வந்து சேரும் வரை

வின்ஸ்லோ ஊர்த் தொப்பி ஆலையில் விளிம்பு மடிக்கிறவர் லெமுவல் ட்ரிப். மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்க ஊரே ஊர்வலம் போகும்போது, பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவரும் அவர்தான். பாட்டு முடிந்து மற்றவர்கள் வாயைத் துடைத்துக்கொள்ளும்போது லெமுவலிடம் மட்டும் ஒரு ‘பூம்’ மிச்சம் இருக்கும். “இருங்கப்பா, லெம் இன்னும் வந்து சேரலை” என்பார்கள். அது வந்த பிறகுதான் கைதட்டுவார்கள். தன் கல்யாணத்துக்கே பிந்தி வந்த மனிதர் அவர். மனைவி ஹெப்ஸி அதை இன்றுவரை மறக்க விட்டதில்லை.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹோலிஸ் கிரேவ்ஸ் அந்த ஊர்வலத்தை இசையாக எழுதினார். காதில் விழுந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினார் என்றும் சொல்லலாம். இந்தத் தெருவிலிருந்து ஒரு பேண்ட் வரும். அந்தத் தெருவிலிருந்து வேறு சுருதியில், வேறு தாளத்தில் இன்னொன்று வந்து முட்டும். அடியில் வயலின்கள் எதுவுமே நடக்காததுபோல் ஜெபப்பாட்டை இழுத்துக்கொண்டிருக்கும். எல்லாம் அடங்கிய அமைதியில் லெமுவலின் ‘பூம்’ விழ வேண்டும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் முழுவதையும் எழுதியிருந்தார். ஆனால் அதைச் சொன்னால் லெமுவலின் முகம் வாடிவிடுமே! ஆகவே அவருடைய இசைத்தாளிலும் மற்றவர்களோடு சேர்த்தே முடிவைப் போட்டார். தாமதத்தை அவரே கொண்டுவருவார் என்று நம்பினார்.

“நீங்க எப்பவும் போல வாசிங்கண்ணே, அது போதும்” என்றார் லெமுவலிடம்.

ஒத்திகையில் அப்படியே நடந்தது. பேண்ட் மாஸ்டர் கட்லருக்குத்தான் பொறுக்கவில்லை. லெமுவலை வாசலில் மடக்கினார்.

“லெம், கச்சேரியிலயும் பின்னால வந்தே, டியூபா நம்ம பேண்ட்ல இருக்கிற சின்னப் பையன் சைரஸ் கைக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

டியூபா போய்விட்டால் லெமுவலிடம் பெருமைப்பட என்ன இருக்கிறது? அன்றிலிருந்து வீட்டில் ஹெப்ஸி மரக்கரண்டியால் பீன்ஸ் பானையைத் தட்டித் தாளம் போட, அவர் ஊதினார்.

“தட்டினப்புறம் இல்லைங்க, தட்டும்போதே! பானையில பீன்ஸே வெந்துடுச்சு, நீங்க இன்னும் வரலை.”

கச்சேரியன்று டவுன் ஹால் நிரம்பியிருந்தது. ஹோலிஸ் தானே முன்னால் நின்று கையசைத்து நடத்தினார்; கட்லர் வாத்தியக்காரர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேண்டுகள் முட்டிக்கொண்டபோது பலர் பல்லைக் கடித்தார்கள். “காசு கொடுத்து உள்ள வந்தா, தெருவுல கேக்குற ரகளையேதானா?” என்று முணுமுணுத்தார் ஒருவர். முடிவு வந்தது. லெமுவல் வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோரோடும் சேர்ந்து ஊதி முடித்தார். கட்லரே திரும்பிப் பார்த்தார். லெமுவலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. ஹோலிஸ் தூக்கிய கையை இறக்கவில்லை. முணுமுணுத்தவர் உட்பட ஊரே, பழகிய பழக்கத்தில், அந்த ஒரு ‘பூம்’முக்காகக் காத்திருந்தது. அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட லெமுவல், எதையோ விட்டுவிட்டோம் என்று பதறிப்போய் மறுபடி ஊதினார்.

‘பூம்.’

ஹோலிஸின் கை தாழ்ந்தது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஊரே ஹால் அதிரக் கைதட்டியது. கட்லர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அருகில் வந்து, “டியூபாவை நீயே வச்சுக்கோப்பா. சைரஸுக்கு இவங்க இப்படிக் காத்திருக்க மாட்டாங்க” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஹெப்ஸி கேட்டாள்.

“அதென்னங்க, ரெண்டு தடவை ஊதினீங்க?”

லெமுவல் டியூபாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“முதல்ல ஊதினது உனக்கு. அடுத்தது ஊருக்கு.”