மாதாவை நான் வாசலில் நிறுத்தியது

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் மாதாவை எங்கள் வீட்டு வாசலில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தேன். கூட வந்த முப்பது பேர், மெழுகுவர்த்திகள், மல்லிகை மாலை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது பங்குச் சாமியார் ஏன் என்று கேட்டார். உள்ளே அத்தை டிஜே மிக்ஸ் பதிவு செய்துகொண்டிருந்தாள் என்றேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி என்னை அவசரமாக அனுப்பிவிட்டார்.

அப்போது நாங்கள் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ் வேலை. பகலெல்லாம் நோயாளிகளின் நாடியைப் பிடித்து எண்ணிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்காது. பாட்டுக்கும் நாடி பார்ப்பாள். ஒரு பாட்டை ஓடவிட்டு, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி தொடையில் தட்டி எண்ணுவாள். "இது தொண்ணூத்தாறு, நார்மல். இது நூத்தி இருபத்தெட்டு, அட்மிட் பண்ணணும்" என்பாள். இரண்டு பாட்டின் துடிப்பும் ஒன்றாக இருந்தால்தான், ஆடுகிறவர்கள் கால் இடறாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்களாம். டிஜே வேலையில் பாதி இதுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வெளியூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனிடமிருந்து பழைய டிஜே கன்ட்ரோலர் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தாள். இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் அப்படியும் இப்படியும் தள்ளுகிற ஒரு பிடி, சுற்றிலும் திருகுகள். லேப்டாப்போடு இணைத்தால் வேலை செய்யும். கொடுத்தவன் போகும்போது, "மேடம், செகப்புப் பட்டனை மட்டும் தொட்டுறாதீங்க, எல்லாம் அழிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெட்டியின் பின்பக்கம் இருந்த ஒரு பொத்தானைத்தான் அவன் சொன்னான். அத்தையோ ஆஸ்பத்திரிக்காரி, எச்சரிக்கை என்றால் மீறமாட்டாள். அன்றிலிருந்து சிவப்பாக எது இருந்தாலும் தொடமாட்டாள். லேப்டாப் திரையின் மேல் மூலையில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதை ஒருமுறை அழுத்தியிருந்தால் மிக்ஸ் உள்ளுக்குள்ளேயே பதிவாகியிருக்கும், வீட்டில் இடியே விழுந்தாலும் அதில் கேட்காது. இந்த விஷயம் அவளுக்குத் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

அதுவரைக்கும் எங்கள் ஸ்டுடியோ இதுதான்: பின்னறையில் ஒரு ஸ்பீக்கர், அதற்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூல் மேல் தலையணை, தலையணை மேல் அத்தையின் போன். ஜன்னலிலும் கதவிலும் ஜமக்காளம் தொங்கும். ஃபேன் ஓடக்கூடாது. யாரும் தும்மக்கூடாது.

இவ்வளவு பாடு எதற்கென்றால், கல்யாண வீடுகளுக்கு சவுண்டும் லைட்டும் போடுகிற ஒருவர் பெண் டிஜே தேடிக்கொண்டிருந்தார். பெண்கள் மட்டும் கூடுகிற மெஹந்தி நிகழ்ச்சிகளில் ஆண் டிஜே வேண்டாம் என்கிறார்களாம். அவருடைய தாயாருக்கு ஊசி போடப் போன இடத்தில் அத்தை பேச்சோடு பேச்சாக, "எனக்கு டிஜே பண்ணத் தெரியுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரம், ஒரே மூச்சு. கட் பண்ணி ஒட்டினா எனக்குத் தெரிஞ்சிரும் சிஸ்டர். சண்டே நைட்டுக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா பேடா, வேண்டாம், நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

அப்பாவுக்கு இந்த விஷயமே பிடிக்கவில்லை. சுற்றியுள்ள பதினைந்து தமிழ் வீடுகள் சேர்ந்த எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு, அதை அன்பியம் என்போம், அப்பாதான் பொறுப்பாளர். பொறுப்பாளரின் தங்கை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் நின்றால் அப்புறம் யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது அவர் கவலை. "ஞாயித்துக்கெழம வரைக்கும்தான். திங்கக்கெழம அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அத்தையோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "பாப்பா, உங்க அத்தைகிட்ட ஊறுகாய கேளு" என்று என் வழியாகத்தான் பேச்சு. ஊறுகாய் என்னைத் தாண்டிக்கொண்டு போகும், வரும்.

முதல் தடவை நாற்பதாவது நிமிடத்தில் பதிவு செய்துகொண்டிருந்த போனே அடித்தது. கல்யாணத் தரகர். ஒரு நல்ல வரன் வந்திருக்கிறதாம். அத்தை அவரைப் பேசிய பேச்சில் அந்த மனிதர் அப்புறம் கூப்பிடவே இல்லை. இரண்டாவது தடவை போனில் அழைப்பு வராதபடி செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஐம்பத்தோராவது நிமிடத்தில் குக்கர் விசில் அடித்தது. "ஒரே ஒரு விசிலுதானே, அதுவும் பாட்டு மாதிரிதானே இருக்கு" என்றாள் அம்மா. அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எதிரே இருந்த பாத்திரக் கடைக்கு அன்று விடுமுறை, தட்டுகிற சத்தம் இருக்காது. ஆனால் அது அக்டோபர் மாதம், ஜெபமாலை மாதம். மாதா சொரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக்காரர் முந்தின வீட்டுக்குப் போய், மாதாவைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வரவேண்டும். எல்லோரும் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். அந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை.

அத்தை கணக்குப் போட்டாள். "ஏழு மணின்னா எட்டுக்குத்தான் வருவாங்க. நான் ஆறேகாலுக்கு ஆரம்பிச்சு ஏழேகாலுக்கு முடிச்சிருவேன்." அப்பாவும் அம்மாவும் மாதாவை அழைக்கக் கிளம்பியதும், தலைவலி என்று படுத்திருந்தவள் துள்ளி எழுந்தாள். என்னை வெளியே வாசற்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். "இதோ பாருடி பாப்பா. இது போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு. கடவுளே வந்தாலும் உள்ள விடாதே" என்றாள். நான் என் உயிரைக் கொடுத்தாவது காப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

கடவுள் வரவில்லை. அவருடைய அம்மா வந்துவிட்டார்கள். அதுவும் ஆறேமுக்காலுக்கே. முந்தின வீட்டில் டிவியில் கிரிக்கெட் மேட்ச்சாம், மாதாவைச் சீக்கிரம் வழியனுப்பிவிட்டார்கள்.

சந்து முனையில் மாதா பாட்டுக் கேட்டது. முன்னால் அப்பா, நெஞ்சோடு அணைத்தபடி மாதா. சுண்ணாம்புச் சிலை, மரப்பீடம், நல்ல கனம். பக்கத்தில் அம்மா. பின்னால் டீச்சரம்மா. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, அன்பியத்தில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள், அப்பாவும்தான். நான் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். பாட்டு நின்றது.

"என்னடி இது, நகரு" என்றாள் அம்மா.

"உள்ள வரக்கூடாது. தரை தொடச்சிருக்கு, ஈரமா இருக்கு."

"பரவால்ல கண்ணு, செருப்பக் கழட்டிட்டுத்தானே வரப்போறோம்" என்றார் டீச்சரம்மா.

அந்த வாரம் என் வகுப்பில் பாதிப் பேர் லீவு. காரணம் வாயில் தயாராக இருந்தது. "அத்தைக்கு ஹுஷார் இல்ல, ஒடம்பு சரியில்ல. அம்மை போட்டிருக்கு" என்றேன்.

முப்பது பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் போனார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "ஐயோ பாவம். ஆஸ்பத்திரியில வேலை பாக்கற புள்ள, அங்கதான் ஒட்டியிருக்கும்" என்றார் டீச்சரம்மா. ஆறு மணிக்கு வெறும் தலைவலி என்று படுத்திருந்த நாத்தனாருக்கு ஏழு மணிக்குள் எப்படி அம்மை போட்டது என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனால் நான் புளுகுகிறேன் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. கண்ணாலேயே என் தோலை உரித்தாள்.

ஜிம்முக்குப் போகிற ஒரு அண்ணன் கூட்டத்தில் இருந்தார். கை ஒவ்வொன்றும் தேக்குக்கட்டை. "எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்துருச்சு, பயமில்ல. மாதாவ இங்க குடுங்கண்ணா, நீங்க கதவத் தொறந்து என்னான்னு பாருங்க" என்று கையை நீட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து, ஜமக்காளங்களையும் தாண்டி, மெல்ல ஒரு தும் தும் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் அவருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேண்டாம்ப்பா. ஜெபமாலைய இங்கயே சொல்லிடலாம்" என்றார் அப்பா.

"வாசல்லயாங்க?" என்றாள் அம்மா.

"வாசல்ல சொன்னா மாதாவுக்குக் கேக்காதா?"

எங்கள் அப்பா ஜெபம் சொன்னால் எக்ஸ்பிரஸ் ரயில். அவர் சொல்லி முடித்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் மற்றவர்கள் முடிப்பார்கள். அன்று என்னவோ ஒவ்வொரு வார்த்தையையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் ஆட்டோக்காரர் இன்ஜினையே அணைத்துவிட்டார். ஜெபமாலை பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று; மூன்றாவது சுற்றில் அப்பாவின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. ஜிம் அண்ணன் மறுபடி, "குடுங்கண்ணா" என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டார். ஐந்தாவதில் மாதாவின் கிரீடமே ஆடியது. அண்ணன் மறுபடி கேட்டார். அப்பா மறுபடி மறுத்தார். எல்லாம் முடிந்ததும் டீச்சரம்மா அப்பாடா என்று சிலுவை அடையாளம் போடப் போனார். "மாதா பிரார்த்தனையும் சொல்லிடலாம்" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீம்பு என்றும் தோன்றியது. அவரைவிட இரண்டு மடங்கு பலசாலி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், கொடுத்தால்தான் என்ன?

பிரார்த்தனை பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. தலை கலைந்து, கழுத்தில் ஹெட்போன் தொங்க, வியர்த்து வழிந்த முகத்தோடு அத்தை. "முடிஞ்சுதுடி பாப்பா! ஒரே மூச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தவள், சந்து நிறைய மெழுகுவர்த்திகளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

டீச்சரம்மா முன்னால் வந்து அவள் முகவாயைப் பிடித்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. "மாதாவே!" என்று நடுச் சந்தில் முழங்காலில் விழுந்தார். பின்னாலேயே பத்துப் பேர் விழுந்தார்கள்.

"இல்லீங்க டீச்சரம்மா, அது அம்மை இல்ல. வேர்க்குரு" என்றார் அப்பா.

அக்டோபர் குளிரில் மைசூரில் யாருக்கு வேர்க்குரு வரும்? கையில் மாதாவை வைத்துக்கொண்டே அப்பா பொய் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். டீச்சரம்மா அதை நம்பவும் இல்லை. ஒரே ஒரு ஜெபமாலையில் அம்மை இறங்கிய கதையை அவர் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே மூச்சுலன்னு அந்தப் புள்ளையே சொல்லிச்சு" என்று சாட்சிக்கு அத்தையையும் இழுத்துக்கொள்வார்.

எல்லோரும் போனபிறகு அம்மா என் காதைத் திருகினாள். அது இங்கே முக்கியமில்லை. அத்தை இரவே மிக்ஸை அனுப்பிவிட்டாள். மறுநாள் மத்தியானம் அந்த சவுண்ட்காரர் கூப்பிட்டார். "சிஸ்டர், கடைசியில பின்னாடி ஏதோ கும்பலா முணுமுணுக்கற மாதிரி ஒரு எஃபெக்ட் போட்டிருக்கீங்களே, சக்கத்தா இருக்கு, சூப்பர், எங்க புடிச்சீங்க?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் குண்டலுபேட்டையில் ஒரு மெஹந்தி, அத்தைதான் டிஜே.

அவர் கூப்பிட்ட அன்று திங்கட்கிழமை, அப்பா வைத்த கெடு. பெட்டி பின்னறையில் அப்படியே இருந்தது. அப்பா அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு டீ டம்ளரைத் தூக்கக்கூட முடியாமல் இரண்டு கையும் விறைத்துப்போயிருந்தது. வேலை பார்க்கும் ஃபேக்டரியில் பாதி நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் அத்தை வேலை முடிந்து வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா, அந்த ஜிம் அண்ணன் அத்தனவாட்டி கேட்டாங்களே, அவங்ககிட்டக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"குடுத்திருந்தா என் கை சும்மா ஆயிருக்கும் பாப்பா. அப்புறம் நான்தானே கதவத் தொறக்கணும்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. அப்பாவின் முழங்கையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நம் வீட்டுக் கதவைத் திறப்பது அப்பாவுக்கு அவ்வளவு பெரிய வேலையா, அதற்கு அத்தை ஏன் இப்படி அழ வேண்டும் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. தைல நெடி கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.